பேஸ் கிதாரின் பிரிட்ஜை எப்போது மாற்றுவது?

பேஸ் கிதார் வாசிக்கத் தொடங்கி ஓரளவு கை பழகிய இளைஞர்களிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. விலை குறைந்த வாத்தியத்தோடு வரும் மெல்லிய தகட்டு பிரிட்ஜைக் கழற்றிவிட்டு, பித்தளையிலோ துத்தநாகக் கலவையிலோ வார்த்த கனமான பிரிட்ஜ் ஒன்றைப் பொருத்திவிட்டால் நாதம் பெருகும், கார்வை நீளும், சாதாரண வாத்தியமும் உயர்ந்த வாத்தியமாகிவிடும் என்பதே அது. இந்த நம்பிக்கையில் உண்மை சிறிதாகவும் மிகை பெரிதாகவும் கலந்திருப்பதாக நான் கருதுகிறேன். பிரிட்ஜை மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாற்றியே தீரவேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு, அப்போது தயங்காமல் மாற்றவும் வேண்டும். ஆனால் எதற்காக மாற்றுகிறோம் என்ற தெளிவும், மாற்றும்போது வேண்டிய சிரத்தையும் இருந்தால்தான் செலவிட்ட பணத்துக்குப் பிரயோஜனம் உண்டு. உலோகத்தின் எடையைவிட அளவின் துல்லியமே இந்தக் காரியத்தில் பெரிது என்பது என் கட்சி.

திரைப்பாடல் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு இந்த வாத்தியத்தின் ஒலி புதியதன்று. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதார் தாளத்துக்கு வெறும் துணையாக நின்றுவிடாமல், பாடகரின் குரலுக்கு அடியில் தனக்கென ஓர் இசை வழியை வகுத்துக்கொண்டு நடப்பதை, வாத்தியத்தின் பெயர் தெரியாமலேயே அனுபவித்தவர்கள் எண்ணற்றவர்கள். அந்த ஒலியைத் தாமும் எழுப்பவேண்டும் என்ற ஆசையில் வீட்டாரிடம் பணம் கேட்டு வாத்தியம் வாங்கும் பிள்ளைகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுடைய பணமும் ஆர்வமும் தவறான இடத்தில் செலவாகக் கூடாது என்ற அக்கறையே இதை எழுதத் தூண்டுகிறது.

பிரிட்ஜ் என்பது வீணைக்காரர்கள் குதிரை என்று அழைக்கும் உறுப்பின் இனத்தைச் சேர்ந்தது. பேஸ் கிதாரில் அது நான்கு தந்திகளின் அடிமுனைகளையும் பற்றிக்கொண்டு, அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையைத் தாங்கி நிற்கிறது. ஒவ்வொரு தந்தியும் சேடில் எனப்படும் சிறிய உலோகத் துண்டின் மேல் ஏறிச் செல்கிறது. சேடிலை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையிலுள்ள உயரம் மாறும். முன்னும் பின்னும் நகர்த்தினால் தந்தியின் அதிரும் நீளம், அதாவது சுருதி நீளம், மாறி, நெக்கின் மேற்பகுதியில் அழுத்தும் ஸ்வரங்களும் சுருதியோடு சேரும். இவற்றோடு, தந்திகளுக்கு இடையே சமமான இடைவெளியைக் காப்பதும் அதன் பொறுப்பே.

வீணையின் குதிரைக்கு இதைவிட நுட்பமான ஒரு கடமை இருக்கிறது. தந்தியின் அதிர்வைக் குடத்துக்குக் கடத்தி அதை நாதமாக்குவது அதுதான்; ஆகையால் குதிரையின் மேல் பதித்த உலோகத் தகட்டின் வளைவு மயிரிழை மாறினாலும் வீணையின் குரலே மாறிவிடுகிறது, அதைச் சீர்செய்வதும் ஒரு தனி வித்தையாக இருந்து வருகிறது. மின்சார பேஸ் கிதாரின் உடலோ பெரும்பாலும் உள்ளே வெற்றிடமில்லாத கனத்த மரக்கட்டை. எஃகுத் தந்தி பிக்கப்பின் காந்தப் புலத்தில் அசையும்போது கம்பிச் சுருளில் எழும் மின்சாரம்தான் ஒலிபெருக்கியில் சங்கீதமாக வெளிப்படுகிறது. தந்தியின் அசைவை உடலுக்குக் கொண்டுசெல்வது இங்கே பிரிட்ஜின் வேலை அன்று; தந்தியின் ஒரு முனை அசையாமல் நிற்கும்படி பார்த்துக்கொள்வதே வேலை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல், குதிரையில் நாதம் இருக்கிறது என்ற பழைய அனுபவ உண்மையை அப்படியே இந்த வாத்தியத்துக்கும் பொருத்துவதனால்தான் மிகையான நம்பிக்கைகள் பிறக்கின்றன.

வாத்தியத்தின் சரித்திரமும் இதையே காட்டுகிறது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையோடு தொழிலைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1951-இல் பிரெசிஷன் பேஸை வெளியிட்டபோது, நான்கு தந்திகளுக்கும் சேர்த்து இரண்டே சேடில்கள்தாம் வைத்திருந்தார். அவையும் முதலில் அழுத்திய நார்ப்பொருளால் செய்யப்பட்டு, பின்னரே எஃகுக்கு மாறின. இரண்டு தந்திகள் ஒரே சேடிலில் அமரும்போது ஒன்றின் சுருதியைச் சேர்த்தால் மற்றொன்று சற்று விலகுவது இயல்பு. அந்தக் குறை 1957-இல் தந்திக்கு ஒரு சேடில் என்ற ஏற்பாட்டால் நீங்கியது. வளைத்த எஃகுத் தகடு, அதன்மேல் நான்கு சேடில்கள், உடலில் இறுக்க வரிசையாக ஐந்து திருகாணிகள் என்று அமைந்த அந்த எளிய உறுப்பு, 1960-இல் வந்த ஜாஸ் பேஸிலும் இடம்பெற்று, இன்று உலகின் எந்த மூலையில் தயாராகும் மலிவான பேஸ் கிதாரிலும் ஏறத்தாழ அதே உருவத்தில் காணப்படுகிறது.

இந்தத் தகட்டைத்தான் நம் இளைஞர்கள் மட்டம் என்று கருதுகிறார்கள். 1960-களில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில், பின்னாளில் பேஸ் வாசித்த எல்லோரும் குருவாகக் கொண்டாடிய ஜேம்ஸ் ஜேமர்சன், 1962-ஆம் ஆண்டுத் தயாரிப்பான பிரெசிஷன் பேஸில் வாசித்தார். அதிலிருந்தது அந்த வளைத்த தகடுதான். அதன் மேல் பொருந்தும் குரோம் மூடியின் உட்புறத்தில் இருந்த ஸ்பாஞ்ச் தந்திகளை அழுத்தி, கார்வையைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்துக்கொண்டிருந்தது. தந்திகளையும் அவர் எளிதில் மாற்றுவதில்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹாஃப்னர் வாத்தியத்திலோ பிரிட்ஜ் வெறும் மரத்துண்டு. திருகாணிகூட இல்லாமல் தந்திகளின் அழுத்தத்தாலேயே நிற்பது. இவர்களுடைய நாதம் உலோகத்தின் எடையில் பிறக்கவில்லை.

கனமான பிரிட்ஜின் கியாதி 1970-களில் தொடங்கியது. லியோ குவான் பேட்ஆஸ் என்ற பெயரில் வெளிவந்த வார்ப்பு பிரிட்ஜ், அந்தக் காலத்து வாசிப்பாளர்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. கனடாவின் ரஷ் குழுவில் வாசித்த கெடி லீயின் 1972-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸிலும், நியூயார்க்கில் ரோஜர் சடோவ்ஸ்கி சீர்திருத்திக் கொடுத்த மார்கஸ் மில்லரின் 1977-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸிலும் அது இடம்பெற்றது. இருவருடைய ஒலியும் தெளிவாக, கூர்மையாக, மணிபோல் ஒலிக்கும். கேட்டவர்கள் அந்தத் தெளிவுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும் அந்தப் புதிய உறுப்புத்தான் என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை. ஆனால் மார்கஸ் மில்லரின் கட்டைவிரல் தந்தியில் விழும் விதத்தையும், வாத்தியத்தினுள் சேர்க்கப்பட்ட ப்ரீஆம்பையும், புதுத் தந்திகளின் பிரகாசத்தையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு பிரிட்ஜுக்கு மட்டும் புகழைச் சூட்டுவது நியாயமாகாது.

பௌதிக சாஸ்திரத்தின்படி, தந்தியின் முனை எவ்வளவு அசையாமல் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதிர்வின் சக்தி தந்தியிலேயே தங்கும் என்பது மெய்தான். கனமான பிரிட்ஜின் ஆதரவாளர்கள் சொல்லும் வாதத்துக்கு அந்த அளவில் ஆதாரம் உண்டு. ஆனால் பல கிலோ எடையுள்ள கட்டையில் இறுக்கித் திருகப்பட்ட தகடு முன்பே பெரும்பாலும் அசைவற்றுத்தான் இருக்கிறது. தந்தியின் சக்தி பெருமளவில் தப்பி ஓடுவது எதிர்முனையில், நீண்டு மெலிந்து வளைந்துகொடுக்கும் நெக்கின் வழியாக. ஜெர்மனியில் ஹெல்முட் பிளைஷர் மின்சார கிதார்களிலும் பேஸ்களிலும் செய்த அளவீடுகள் இதைத் தெளிவாக்கின. ஜி தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து ஏழாவது வரையுள்ள பகுதியில் ஏதேனும் ஒரு ஸ்வரம் மட்டும் மற்றவை போல் நீடிக்காமல் சட்டென்று அடங்கிவிடுவதைப் பல வாத்தியங்களில் கேட்கலாம். வாசிப்பவர்கள் அதை டெட் ஸ்பாட் என்பார்கள். அந்த ஸ்வரத்தின் அதிர்வெண்ணோடு நெக்கின் சொந்த அதிர்வெண் ஒத்துப்போவதே அதற்குக் காரணம். அதைக் குணப்படுத்தும் என்று நம்பி கனமான பிரிட்ஜ் வாங்குபவர், வலது கோடியில் மருந்து தடவி இடது கோடியின் நோய் தீரும் என்று எதிர்பார்க்கிறார்.

மாற்றிய பிறகு ஒலி தெளிந்துவிட்டது என்று பலர் மனப்பூர்வமாகச் சொல்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. புதிய பிரிட்ஜைப் பொருத்தும் அதே நாளில் பழைய தந்திகளை நீக்கிப் புதியவற்றைக் கட்டுகிறார்கள், உயரத்தைச் சரிசெய்கிறார்கள், பல ஆண்டுகளாக ஒருவரும் தொடாத சுருதி நீளத்தையும் சேர்க்கிறார்கள். மூன்று காரணங்கள் ஒன்றாக வேலை செய்யும்போது புகழ் மட்டும் நான்காவதைச் சேருகிறது. ஆகவே என் யோசனை இதுதான்: முதலில் பழைய பிரிட்ஜிலேயே புதுத் தந்தி கட்டி, நெக்கின் வளைவையும் தந்தியின் உயரத்தையும் சுருதி நீளத்தையும் முறையாகச் சீர்செய்து, சில நாட்கள் வாசித்துப் பாருங்கள். அதன் பிறகும் குறை நின்றால் அது எந்தக் குறை என்பது தெளிவாகத் தெரியும்.

மாற்றுவதற்கு உண்மையான காரணங்கள் பல. நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும் உள்ளங்கை வியர்வையும் சேர்ந்து சேடிலின் சிறு திருகாணிகளைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துருவோடு ஆலன் கீயை வைத்து முறுக்கும்போது திருகாணித் தலையின் அறுகோணக் குழி தேய்ந்து வட்டமாகிவிட்டால், அந்தத் தந்தியின் உயரத்தை அதன்பின் மாற்ற வழியில்லை. மரை தேய்ந்த சேடில், வாசிக்கும்போதே மெல்லத் தாழ்ந்துவிடும். பலமாக அடித்து வாசிக்கும்போது தந்தி பக்கவாட்டில் நழுவுவதும், எவ்வளவு பின்னுக்கு இழுத்தாலும் இ தந்தியின் சுருதி சேராமல் சேடில் தன் பாதையின் எல்லையில் முட்டி நிற்பதும், தந்திகளின் இடைவெளி நெக்கின் அகலத்துக்குப் பொருந்தாமல் ஓரத் தந்தி விளிம்பைத் தாண்டி வழுக்குவதும் மாற்றத்துக்குப் போதிய காரணங்களே. தளர்ந்த திருகாணி கிறீச்சிடுவது மட்டும்தான் குறை என்றால், அதற்கு ஒரு துளி நகப்பூச்சு போதும்.

வாங்குமுன் செய்யவேண்டியது அளப்பது. நான்கு தந்தி வாத்தியத்தில் இ தந்தியின் மையத்திலிருந்து ஜி தந்தியின் மையம் வரை பிரிட்ஜில் அளந்தால், ஃபெண்டர் வகை வாத்தியங்களில் பெரும்பாலும் சுமார் 57 மில்லிமீட்டர் வரும். அதாவது தந்திக்குத் தந்தி 19 மில்லிமீட்டர். ஐந்து தந்தி வாத்தியங்களில் இது வெகுவாக வேறுபடும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் அற்பமாகத் தோன்றினாலும், மூன்று இடைவெளிகளில் அது மூன்று மில்லிமீட்டராகப் பெருகி, தந்திகளைப் பிக்கப்பின் காந்த முனைகளுக்கு நேராக நிற்கவிடாமல் விலக்கிவிடும். அடுத்து, திருகாணித் துளைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் அவை பிரிட்ஜின் எந்த விளிம்பில் இருக்கின்றன என்பதையும் காகிதத்தில் படி எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபெண்டரின் ஐந்து துளைகளுக்குப் பொருந்தும் மாற்று பிரிட்ஜுகளை கோட்டோ, ஹிப்ஷாட் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. ஆனால் ஐந்து துளை என்பதாலேயே எல்லா வாத்தியத்துக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

பலரும் மறந்துபோவது உயரத்தை. கனமான பிரிட்ஜின் அடித்தகடு தடித்தது. ஆகையால் சேடிலை அடிவரை இறக்கினாலும் பழைய பிரிட்ஜில் இருந்ததைவிடத் தந்தி உயரத்திலேயே நிற்கக்கூடும். அப்போது நெக்கைக் கழற்றி அதன் குழியில் மெல்லிய தகடு ஒன்று வைத்துச் சாய்வை மாற்றவேண்டிவரும். பழைய பிரிட்ஜில் சேடில் இறங்கக்கூடிய மிகக் குறைந்த உயரத்தைக் குறித்துக்கொண்டு, புதியதன் குறைந்த உயரத்தோடு ஒப்பிட்டபின் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. தந்திகள் உடலின் பின்புறத்திலிருந்து ஊடுருவி வரும் வாத்தியமாக இருந்தால், புதிய தகட்டிலும் அந்தத் துளைகள் அதே இடத்தில் இருக்க வேண்டும். எடையைப் பொறுத்தவரை கனமான பிரிட்ஜுக்கு ஒரு நேர்மையான லாபம் இருப்பதைச் சொல்லியாக வேண்டும்: தோளில் மாட்டியவுடன் தலைப்பக்கம் தாழ்ந்து இடது கையை இழுக்கும் வாத்தியத்தில், பின்கோடியில் சேரும் எடை அந்தச் சாய்வைக் குறைக்கிறது.

பழைய துளைகளிலேயே பொருந்தும் பிரிட்ஜ் கிடைத்தால் பொருத்துவது எளிது. தந்திகளைத் தளர்த்தி நீக்கிவிட்டு, பழைய தகட்டைத் தூக்கும்போது அதன் அடியில் ஒரு மெல்லிய கம்பி தென்படும். அதை அறுக்காமல் காப்பாற்ற வேண்டும். பிரிட்ஜையும் தந்திகளையும் மின்சுற்றின் கிரவுண்டோடு இணைப்பது அந்தக் கம்பிதான். அது விட்டுப்போனால் ஒலிபெருக்கியில் ஓயாத இரைச்சல் எழும். புதிய பிரிட்ஜின் அடிப்புறம் கறுப்புப் பூச்சு உடையதாக இருந்தால், கம்பி தொடும் இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டி உலோகத்தை வெளிப்படுத்தி, இறுக்கிய பின் மல்டிமீட்டரால் தொடர்பைச் சோதிப்பது அவசியம். கழற்றிய பழைய பிரிட்ஜையும் அதன் திருகாணிகளையும் ஓர் உறையிலிட்டு வாத்தியப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். பின்னாளில் வாத்தியத்தை விற்க நேர்ந்தால், வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

புதிய துளை போடவேண்டி வந்தால் அவசரம் ஆகாது. பழைய துளைகளில் மரப்பசை தடவிய வன்மரக் குச்சிகளை இறுக்கிச் செருகி, முழுதும் உலரவிட்டு, மேல்மட்டத்தோடு சமமாகச் சீவிவிட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துத் துளை பழைய துளைக்குள் சரிந்துவிடும். நீளத்தைக் குறிக்கும்போது, தலைப்பக்கத்தில் தந்திகள் அமரும் நட்டிலிருந்து ஜி தந்தியின் சேடில் வரை வாத்தியத்தின் ஸ்கேல் அளவு வர வேண்டும். ஃபெண்டர் வகையில் அது 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீட்டர். அந்த நிலையில் ஜி சேடில் ஏறக்குறைய முன்கோடியில் இருக்கவேண்டும். ஏனெனில் தடித்த தந்திகளின் சேடில்கள் அதைவிடப் பின்னுக்குப் போகுமே தவிர முன்னுக்கு வருவதில்லை. பக்கவாட்டு நிலையைக் குறிக்க அளவுகோலை நம்பாமல், பிரிட்ஜைத் தற்காலிகமாக வைத்து, ஓரத் தந்திகள் இரண்டின் இடத்திலும் நூல் இழுத்துப் பிடித்து, இரண்டு நூல்களும் நெக்கின் இரு விளிம்புகளிலிருந்தும் சமதூரத்தில் ஓடுகின்றனவா என்று கடைசி ஃப்ரெட்டருகே பார்ப்பது உத்தமம். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, திருகாணியின் மரையை நீக்கிய நடுத்தண்டின் கனத்துக்கு ஒத்த துளைக்கருவியால், ஆழத்தைக் கருவியிலேயே டேப் சுற்றிக் குறித்துக்கொண்டு நேராகத் துளைக்க வேண்டும். துளையின் வாயை லேசாக விரித்துவிட்டால் வார்னிஷ் பெயராது. திருகாணிக்குச் சிறிது மெழுகு பூசினால் வன்மரத்திலும் தலை முறியாமல் இறங்கும்.

அதன் பிறகு செய்யும் சீர்திருத்தத்துக்கு ஒரு கிரமம் உண்டு. புதுத் தந்தி கட்டிச் சுருதி கூட்டி, முதலில் நெக்கின் வளைவு, அடுத்து உயரம், எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சுருதி நீளம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராகத் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஸ்வரமும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் கூடுதலாக நின்றால் சேடிலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். குறைந்து நின்றால் முன்னுக்குத் தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் தந்தியை மறுபடி சுருதி கூட்டிய பிறகே அடுத்த சோதனை. பொறுமையோடு செய்தால் ஒரு மாலைப் பொழுதுக்குள் முடிந்துவிடும் வேலை இது. இதைத் தானே செய்யக் கற்றுக்கொண்ட வாசிப்பாளருக்குக் கிடைக்கும் நன்மை, எந்த உலோகத்தாலும் கிடைக்காதது.

இந்த விஷயத்தில் வியாபாரிகளிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பிரிட்ஜின் பெட்டியில் கார்வை பெருகும், நாதம் மேம்படும் என்றெல்லாம் பெரிய எழுத்தில் அச்சிடுவதற்கு முன்னால், தந்திகளின் இடைவெளி எவ்வளவு, துளைகளின் இடைவெளி எவ்வளவு, சேடிலின் மிகக் குறைந்த உயரம் எவ்வளவு, அது முன்பின்னாக நகரும் தூரம் எவ்வளவு என்ற நான்கு அளவுகளை மில்லிமீட்டரில் அச்சிடுங்கள். வாங்குபவர்களும் அந்த நான்கையும் கேளுங்கள். அவற்றைச் சொல்ல இயலாத கடையில் பிரிட்ஜ் வாங்காதீர்கள்.